வராத நாளும் திரும்பி வரும் நாளும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் 'அப்பாயிண்ட்மென்ட்' என்ற சொல் சரியாகப் பொருந்துவதில்லை. பத்தரை மணி, பதினொன்றே கால் என்று நேரம் குறித்துக் கொடுக்கும் வழக்கம் பொதுவாக அங்கே கிடையாது. ஓ.பி. சீட்டிலோ, நோயாளி கையோடு கொண்டுவரும் நோட்டிலோ ஒரு தேதி எழுதப்படும். அந்தத் தேதிவரை வருமாறு மாத்திரை தரப்படும். "அடுத்த மாசம் இதே செவ்வாக்கிழமை வந்துடுங்க" என்பதோடு பேச்சு முடியும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை என்றால் மருத்துவரின் நேரம் வீணாவதில்லை; வரிசையில் அடுத்தவர் காத்திருக்கிறார். தீர்ந்துபோவது மாத்திரைதான். மேலைநாட்டு ஆய்வுகள் வராமையைக் காலியாகக் கிடக்கும் நாற்காலியாகப் பார்க்கின்றன. அந்த நாற்காலிக்கு ஒரு விலை போட்டு, நிர்வாகத்தின் கவனத்தைத் திருப்புகின்றன. நம் ஓ.பி.யில் நாற்காலி காலியாவதே இல்லை. வந்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும்; வராதவருக்கு அதில் ஒரு வரிகூட விழாது. ஆகவே இங்கே வராமை என்பது யார் கண்ணிலும் படாத நிகழ்வு. அதைக் குறைக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று பேசத் தொடங்கும்போது, எதைக் குறைக்கப் போகிறோம் என்பதே முதலில் தெளிவாக வேண்டியிருக்கிறது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இந்த எண்ணைக் கேட்டதும், மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒருமுறையோ இருமுறையோ வந்து, சீட்டு வாங்கி, ஒரு மாத மாத்திரையோடு போய், பிறகு வராமல் நின்றுபோனவர்களும் அதே வெளியில்தான் இருக்கிறார்கள். இந்த இரண்டாம் கூட்டத்தாரை அடைவது எளிதாக இருக்கவேண்டும். அவர்கள் பெயரும் ஊரும் மருத்துவமனையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தயக்கத்தையும் ஊர்ப்பேச்சையும் தாண்டி ஒருமுறை அவர்கள் உள்ளே வந்தும் விட்டார்கள். லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்ற அளவில் இருக்கும் நாட்டில், வந்தவரை இழப்பதைப்போலப் பெரிய விரயம் வேறில்லை.

வராமல் போகிறவர் யார்? நலமாகிவிட்டதால் வரவில்லை என்றுதான் பலரும் எளிதாக எடுத்துக்கொள்வார்கள். லண்டனில் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான படத்தைக் காட்டியது. தொடர் சிகிச்சையில் இருந்து சந்திப்பைத் தவறவிட்டவர்கள், வந்தவர்களைவிட அதிகம் நோயுற்றிருந்தார்கள். அடுத்த ஓராண்டில் அவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ஸ்காட்லாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து, 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. நீண்டகால மனநலப் பாதிப்பு உடையவர்களில், ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் சந்திப்புகளைத் தவறவிட்டவர்களின் இறப்பு ஆபத்து, ஒன்றையும் தவறவிடாதவர்களைவிட 8 மடங்குக்கு மேல் இருந்தது. தவறவிட்டதால் இறந்தார்கள் என்று இதைப் படிக்கக்கூடாது. வாழ்க்கை பல பக்கமும் சரிந்துகொண்டிருப்பவரே சந்திப்பையும் தவறவிடுகிறார் என்பதுதான் நியாயமான வாசிப்பு. ஆனால் அந்தச் சரிவு வெளியே தெரியக்கூடிய முதல் இடம் மருத்துவமனைப் பதிவேடு. வீட்டில் நடப்பது மருத்துவருக்குத் தெரியாது. வராதது தெரியும், பார்த்தால்.

மனநோயின் இயல்பே வருவதற்குத் தடையாகவும் இருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவருக்குக் காலையில் எழுந்து குளித்துப் பேருந்து பிடிப்பதே மலை. பதற்ற நோய் உள்ளவருக்கு ஓ.பி. கூட்டமே அச்சம். தன்னைச் சிலர் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிறவருக்குப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடும் வரிசை வேறு பொருள் தரும். எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு: நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்தவர், இனி எதற்கு என்று நிறுத்திவிடுகிறார். இவற்றோடு கூட்டிவருபவரின் ஒருநாள் கூலியும் சேர்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை வாங்குகிறவர் தனியாக வந்துபோவார். மனநலப் பிரிவுக்குப் பலர் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். வராத ஒரு நாளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு பேரின் கணக்கு இருக்கிறது.

இந்தத் தடைகளுள் மறதிக்கு மட்டும் நல்ல மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது: நினைவூட்டல். கைபேசிக் குறுஞ்செய்தி பற்றிய காக்ரேன் மதிப்பாய்வு (2013), 8 ஆய்வுகளையும் 6,615 பேரையும் தொகுத்து, நினைவூட்டல் இல்லாததைவிடக் குறுஞ்செய்தி வருகையைக் கூட்டுகிறது என்றும், தொலைபேசி அழைப்புக்கு ஏறக்குறைய இணையாகப் பயன் தருகிறது என்றும் கண்டது. செய்தியின் சொற்களும் கணக்கில் வருகின்றன. லண்டனின் பார்ட்ஸ் மருத்துவக் குழுமத்தில், வராமல் போனால் பொதுச் சுகாதாரச் சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு செலவாகிறது என்ற தகவலைச் செய்தியில் சேர்த்தபோது, வராதோர் விகிதம் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாக இறங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் இது மனநலப் பிரிவுக்கென்று செய்யப்பட்ட சோதனையன்று. தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் மனச்சோர்வு நோயாளிக்கு அதே வாக்கியத்தை அனுப்ப எனக்குத் துணிவு வராது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-21இன் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் 54 சதவீதம்தான். மற்றவர்களின் குறுஞ்செய்தியை முதலில் வாசிக்கப்போவது கணவரோ மாமியாரோ. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தன் 23ஆம் பிரிவில் இரகசியம் காக்கப்படும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. 'மனநலப் பிரிவு' என்று தலைப்பிட்டு வரும் செய்தி அந்த உரிமையை வீட்டுக்கூடத்தில் வைத்து உடைத்துவிடும்.

மறதிக்கு அப்பால் இருக்கும் அச்சத்தைத் தொட முயன்ற ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் நடந்து 2007இல் வெளியானது. உளசிகிச்சைக்கு முதன்முறை வரவேண்டிய 390 பேரில் ஒரு பகுதியினரிடம், போவதை நினைத்து மனம் கலங்கினால் அப்படிக் கலங்குவது இயல்பே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதாக முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுமாறு கேட்கப்பட்டது. அவ்வளவுதான். அவர்களில் 75 சதவீதம் பேர் வந்தார்கள். மற்ற பிரிவில் 63 சதவீதம். தேதியைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. 'நீங்கள் பயப்படுவீர்கள், அதில் தவறில்லை' என்று மருத்துவமனையின் பக்கமிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டு சொன்னதுதான் வேலை செய்தது. இதைச் சொல்லும் பொறுப்பைத் தபாலுக்கு விடாமல் ஒரு மனிதரிடம் கொடுத்தால் அவருக்குப் பயிற்சி தேவைப்படும். என் வாதம் தொடங்குவது இங்கேதான்: மனநலப் பிரிவில் வராமையைக் குறைக்கும் பயிற்சி, நாள் குறிக்கும் திறமையைப் பற்றியதாக இருந்தால் போதாது. தேதியைக் கையில் கொடுக்கும்போதும், தவறவிட்டவர் திரும்பி வரும்போதும் பணியாளர் வாயிலிருந்து வரும் இரண்டு மூன்று வாக்கியங்களைப் பற்றியதாக அது இருக்கவேண்டும்.

முதல் தருணத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பெட்ஃபர்ட்ஷயரில் குடும்ப மருத்துவ நிலையங்களில் செய்யப்பட்டு 2012இல் வெளியான சோதனையில், வரவேற்பாளர் தேதியைச் சொன்னதும் நோயாளியைத் திருப்பிச் சொல்லவைத்தார்கள், வராமை 3.5 சதவீதம் குறைந்தது. அடுத்த கட்டத்தில் பேனாவை நோயாளியின் கையில் கொடுத்து, அட்டையில் தேதியை அவரையே எழுதச் சொன்னார்கள். குறைவு 18 சதவீதமானது. போன மாதம் எத்தனை பேர் வரவில்லை என்று சுவரில் எழுதி வைத்திருந்த அறிவிப்பை எடுத்துவிட்டு, எத்தனை பேர் தவறாமல் வந்தார்கள் என்று எழுதியதும் சேர்ந்தபோது 31.7 சதவீதம்வரை குறைந்தது. செலவு ஒரு பேனா. நம் ஓ.பி.யில் இதை அப்படியே நடத்த முடியாது. எழுதத் தெரியாதவர்கள் வருவார்கள், பின்னால் வரிசை நெருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கருத்து நமக்கும் ஆகும். தேதி மருத்துவமனையிலிருந்து நோயாளிமேல் விழுவதாக இல்லாமல், அவர் வாயிலிருந்து வந்த ஒன்றாக மாறவேண்டும். "பதினாலாம் தேதி செவ்வாக்கிழமை. அன்னைக்கு வேலைக்குப் போற நாளாம்மா? எந்த பஸ்ஸுல வருவீங்க, கூட யாரு வருவா?" என்று கேட்பது அதே பேனாதான். பதிலில் சிக்கல் தெரிந்தால் தேதியை அங்கேயே மாற்றலாம்.

அமெரிக்காவில் மேரி மெக்கே என்ற சமூகப்பணி ஆய்வாளர் 1990களில் உருவாக்கிய முறை இதற்கு இன்னும் ஆழம் தருகிறது. ஏழை நகர்ப்பகுதிக் குழந்தைகளின் மனநல மையங்களில், முதல் தொலைபேசி அழைப்பை வெறும் பதிவு அழைப்பாக விடாமல் உரையாடலாக மாற்றும்படி பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. குழந்தைக்கு என்ன வேண்டும் என்று தாய் நினைக்கிறார், இதற்குமுன் மருத்துவமனைகளோடு பட்ட அனுபவம் என்ன, வர முடியாமல் செய்யக்கூடியவை எவை என்ற மூன்றும் அந்த அழைப்பில் பேசப்படவேண்டும். பயிற்சி பெற்ற இடங்களில் முதல் வருகை கூடியது. இரண்டாவது கேள்விதான் அசல் கண்டுபிடிப்பு என்று எனக்குப் படுகிறது. வராமைக்குக் காரணம் தேடும்போது நாம் பேருந்தையும் கூலியையும் எண்ணுகிறோம். போன தடவை நாம் அவரிடம் எப்படிப் பேசினோம் என்பதை எண்ணுவதில்லை.

அந்தக் கேள்வி நம்மை இரண்டாம் தருணத்துக்குக் கொண்டுவருகிறது. இதற்கு எண்ணிக்கை ஆதாரம் காட்ட என்னால் முடியாது. மேலே சொன்னவற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு இது. ஒரு மாதம் வராமல் போனவர் அடுத்த மாதம் வரிசையில் நிற்கும்போது கவுண்டரில் கேட்கப்படும் முதல் கேள்வி, "ஏன் போன மாசம் வரல?" கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கலாம். கூட்டத்தின் நடுவே, சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பவரின் காதில் அது விசாரணையாக விழுகிறது. "மாத்திரையை நிறுத்துனா இப்படித்தான் ஆகும்" என்பது அடுத்த வாக்கியம். "நடுவுல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களா" என்பது அதற்கும் அடுத்தது. திட்டு விழும் என்று தெரிந்தவர் இன்னொரு மாதம் தள்ளிப்போடுகிறார். தள்ளத் தள்ளத் திட்டின் பாரமும் கூடும். ஒரு நாள் தவறுவது இப்படித்தான் மூன்று மாதமாகிறது. ஸ்காட்லாந்து ஆய்வில் ஆபத்து ஏறியது திரும்பத் திரும்பத் தவறவிட்டவர்களிடத்தில் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். முதல் தவறலை முழுதாகத் தடுக்க எந்த மருத்துவமனையாலும் முடியாது. இரண்டாவதைத் தடுக்கும் இடம் கவுண்டர். "வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. மாத்திரை எப்பத் தீந்துச்சு?" என்று தொடங்கினால், தேவையான தகவல் முழுவதும் கிடைக்கும், கேட்கப்பட்டவர் குனிந்து நிற்கவும் வேண்டியதில்லை. தர்காவுக்கோ கோயிலுக்கோ போய்வந்ததை ஒளிக்கவேண்டிய அவசியமும் இராது. தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, அந்த ஊரிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கலாம் என்று ஓர் அரசுத் திட்டம் வந்தது. பயிற்சி பெறாத கவுண்டர் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

பயிற்சி என்றதும் மாவட்டத் தலைநகரில் ஒரு கூட்டரங்கு, ஒரு படக்காட்சி, மதிய உணவு, சான்றிதழ் என்றுதான் நம் கற்பனை ஓடுகிறது. அழைக்கப்படுபவர்களும் மருத்துவரும் உளவியலாளரும்தான். ஆனால் நோயாளி முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் பாதுகாவலரை, பிறகு சீட்டு எழுதுபவரை. கடைசியாகப் பார்ப்பது மருந்துக் கவுண்டரில் இருப்பவரை. தேதியை வாயால் சொல்பவர் பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள்தான். 1996இல் திருச்சி உட்பட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று குழு வகுக்கப்பட்டிருக்கிறது, பொது ஓ.பி. கவுண்டரும் மருந்தகமும் அந்தக் குழுவுக்கு வெளியே நிற்கின்றன. அவர்களை உட்காரவைத்து விரிவுரை நடத்திப் பயனில்லை. ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் கவுண்டராகவும் மாறி மாறி நடித்துப் பார்க்கவேண்டும். சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பது எப்படியிருக்கிறது என்று ஐந்து நிமிடம் நின்று பார்க்கவேண்டும். வாரம் ஒருநாள் ஓ.பி. முடிந்ததும் பத்து நிமிடம், அன்று சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்துப் பேசுவது, ஆண்டுக்கொரு கூட்டரங்கைவிடப் பலன் தரும்.

இத்தனை கூட்டத்தில் பேச நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. நேரம் அதிகம் கேட்காத மாற்றங்களை முன்வைப்பதே அதற்குப் பதில்: "ஏன் வரல" என்பதும் "எப்பத் தீந்துச்சு" என்பதும் ஏறக்குறைய ஒரே நீளம். பேருந்தையும் துணையையும் பற்றிக் கேட்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதை எல்லோரிடமும் கேட்கவேண்டியதில்லை, முதல் மூன்று வருகைகளிலும் ஒருமுறை தவறியவரிடமும் கேட்டால் போதும். வருவது நோயாளியின் பொறுப்பு, வராதவருக்கு அபராதம் போட்டால் வருவார் என்பது இன்னொரு வாதம். டென்மார்க்கின் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் 250 குரோனர் அபராதம் என்று அறிவித்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி வராமை குறையவில்லை. அதுவும் எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவில். பொறுப்பைச் சுமக்கும் திறனையே நோய் தின்றுகொண்டிருப்பவரிடம் அது என்ன செய்யும் என்று ஊகிக்கலாம்.

ஆதாரமெல்லாம் இங்கிலாந்தும் அமெரிக்காவுமாக இருக்கிறதே என்று கேட்பவருக்கு, மருத்துவரல்லாதவர்களுக்குப் பயிற்சி தருவதால் மனநலச் சிகிச்சை மேம்படுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே வலுவான பதில் உண்டு. கோவாவில் 24 மருத்துவ நிலையங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களை வைத்து நடந்த மானஸ் சோதனை 2010இல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், உறுதிப்படுத்தப்பட்ட நோயுள்ளவர்களில் 65.9 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் மீண்டார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவர்களிடத்தில் அந்த வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மனச்சிதைவு உள்ள 282 பேரிடம், காஞ்சிபுரம் பகுதி உட்பட மூன்று இடங்களில், சமூகப் பணியாளர்களை வீடுவரை அனுப்பி நடந்த காப்சி சோதனை (2014) மிதமான பலனையே கண்டது; சேவை அரிதாக இருக்கும் கிராமப்புறங்களுக்கு அது பொருந்தும் என்று அதன் ஆசிரியர்கள் முடித்தார்கள். மிதமான பலன் என்ற சொல்லை நான் மறைக்க விரும்பவில்லை. சொற்களுக்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைச் சுட்டும் ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. சிலர் வராமல் போவது சரியான முடிவாகவும் இருக்கலாம். மாத்திரையால் கை நடுங்குகிறது, உடல் பருக்கிறது, பகலெல்லாம் தூக்கம், கட்டுமான வேலையில் ஏணி ஏற முடியவில்லை, இதைச் சொல்ல இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை, ஆகவே வரவில்லை. 2017இன் சட்டம் சிகிச்சை பெறும் உரிமையைத் தந்ததோடு, எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. இப்படிப்பட்டவரை இனிமையாகப் பேசி வரிசைக்குத் திருப்பிக் கொண்டுவருவது மட்டும் பயிற்சியின் நோக்கமானால், அது கெட்டிக்காரத்தனமான வற்புறுத்தல்தான். இதே காரணத்தால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதிலும் கவனம் தேவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரைத் தெருவே வரவேற்கும். மனநல மாத்திரை கொண்டுவருபவரைத் தெரு வேறு கண்ணோடு பார்க்கும். வீட்டுக்கு வரலாமா, யாரிடம் பேசலாம், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று முதல் வருகையிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டவர் மட்டுமே பின்னால் தேடிப் போகும் தகுதி உடையவர்.

எனவே பயிற்சியோடு சில அதிகாரங்களும் கைமாற வேண்டும். தேதியை மாற்றும் அதிகாரம் செவிலியரிடம் இருக்கவேண்டும். முதல் சந்திப்புக்கு நாள் தள்ளத் தள்ள வருகிறவர் குறைகிறார் என்பது பல ஆய்வுகளில் கண்டது, தள்ளாமலிருக்க யாராலும் முடியாதென்றால் எந்த இனிய சொல்லும் உதவாது. நிலைபெற்ற நோயாளியின் மாத்திரையை மருத்துவர் ஒப்புதலோடு குடும்பத்தாரிடம் கொடுக்கவும், இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கவும் தெளிவான விதி வேண்டும். கை நடுக்கத்தைப் பற்றிக் கவுண்டரில் சொல்லப்பட்டதை மருத்துவர் மேசைக்குக் கொண்டுபோக ஒரு வழி வேண்டும். சீட்டின் மூலையில் ஒரு குறி போதும். இவை இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற பணியாளர், கேட்கத் தெரிந்தும் எதையும் செய்ய முடியாதவராக நிற்பார். சில மாதங்களில் கேட்பதையும் விட்டுவிடுவார். ஒப்பந்த முறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், பயிற்சி ஆளோடு போய்விடாமல் தங்குவதற்கும் இந்த விதிகள்தாம் வழி.

பலன் தெரிவதற்குப் பதிவேட்டில் ஒரு மாற்றம் வேண்டும். வந்தவர் பட்டியலுக்குப் பக்கத்தில், அன்று வரவேண்டியிருந்து வராதவர்களின் பெயர்கள். அவற்றுக்கு எதிரே அவர்கள் எத்தனையாவது நாள் திரும்பி வந்தார்கள் என்று எழுத ஒரு கட்டம். திரும்பி வந்தவருக்கும் வராதவருக்கும் இடையே கவுண்டரில் யார் இருந்தார் என்பதைத் தேடிக் குற்றம்சாட்ட அந்தக் கட்டம் பயன்படக்கூடாது. அப்படிப் பயன்பட்டால் இரண்டே மாதத்தில் எல்லோரும் ஏழாம் நாளே திரும்பி வந்ததாகப் பதிவாகிவிடும்.